கிழ எருதுக்கு ஒரு கட்டுப் புல்



கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. குடில் கட்டுகிற பிள்ளைகள் இந்நேரம் அட்டைப் பெட்டியும் மூங்கில் குச்சியும் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள். குடில் பார்க்கப் போவதில் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குள் எந்த வேறுபாடும் கிடையாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் போவதுபோல, குடிலைப் பார்க்கவும் எல்லாரும் கூட்டமாகப் போவார்கள். போனதும் சின்னப் பிள்ளைகளின் கண் முதலில் எதன்மேல் விழும்? குழந்தைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் மாட்டின்மேலும் கழுதையின்மேலுந்தான்!

அந்த மாடும் கழுதையும் குடிலுக்குள் எப்படி வந்தன? யார் கூட்டி வந்தார்கள்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். உண்மையாக நடந்ததும் இதில் உண்டு. மாமா கற்பனையாகச் சேர்த்ததும் உண்டு. எது நடந்தது, எது கற்பனை என்பதைக் கதை முடிந்ததும் பிரித்துச் சொல்லிவிடுவேன். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அக்காமாரும் அண்ணன்மாரும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

சரி, கதைக்குப் போவோமா?

இத்தாலி நாட்டில் ரியேத்தி என்றொரு பள்ளத்தாக்கு. அதன் ஓரத்து மலைச்சரிவில் கிரெச்சோ என்று ஒரு சிற்றூர். நம் ஊரைப்போல வருஷம் முழுவதும் வெயிலும் மழையுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கிற இடமில்லை அது. டிசம்பர் மாதத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும். மேய்ச்சல் இருக்காது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லைத்தான் ஆடுமாடுகள் வசந்தகாலம் வரைக்கும் தின்றாக வேண்டும். புல் தீர்ந்துவிட்டால் பட்டினிதான்.

1223-ஆம் ஆண்டு. அந்த ஊரில் ஓர் ஏழை உழவர் இருந்தார். அவருக்கு ஒரு மகன். அவர்கள் தொழுவத்தில் இரண்டு எருதுகள். ஒன்று இளசு. இன்னொன்று கிழடு. கிழ எருது பன்னிரண்டு வருஷம் அந்த மலைச்சரிவில் ஏர் இழுத்தது. கல்லும் முள்ளுமான நிலம். இழுத்து இழுத்து அதன் முழங்கால்கள் வீங்கிப்போயின. கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் காய்த்துப் போயிருந்தது. அந்த வருஷம் அறுவடைக்குப் பிறகு அதனால் ஏர் இழுக்க முடியவில்லை. நடக்கும்போதே தடுமாறியது.

ஒரு நாள் மாலை, உழவர் புல்போரைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணால் அளந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இருக்கிற புல் ஒரு மாட்டுக்குத்தான் காணும். திருநாள் முடிந்ததும் கிழட்டு மாட்டைக் கசாப்புக்காரனிடம் கொடுத்துவிடப் போகிறேன்."

பையனுக்குத் திக்கென்றது.

"அப்பா, நான் பிறக்கிறதுக்கு முன்னாலிருந்து அது நமக்கு உழுகிறதே!"

"தெரியும்டா. எனக்கு மட்டும் ஆசையா? இரண்டையும் வைத்துக்கொண்டால் மாசி பங்குனிக்குள் இரண்டும் சாகும். ஒன்றையாவது காப்பாற்ற வேண்டாமா?"

பையன் பதில் பேசவில்லை. அப்பா சொன்ன கணக்கில் தப்பில்லை. அதனால்தான் அவனுக்கு இன்னும் அழுகை வந்தது. அன்று இரவு தன் ரொட்டியில் பாதியை மடியில் ஒளித்துக்கொண்டு போய்க் கிழ எருதுக்கு ஊட்டினான். எருது ரொட்டியைத் தின்றுவிட்டு அவன் கையை நக்கிக்கொடுத்தது.

திருநாளுக்குச் சில நாள்கள் இருந்தன. அந்த வட்டாரத்தின் பெரிய மனிதர் ஜியோவானி என்பவருடைய ஆள்கள் ஊருக்குள் வந்தார்கள்.

"பிரான்சிஸ் சாமியார் மலைக்குகையில் கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடப் போகிறாராம். ஒரு தீவனத் தொட்டி, காய்ந்த புல், ஒரு எருது, ஒரு கழுதை வேண்டுமாம். யாரிடம் நல்ல எருது இருக்கிறது?"

உழவர் தன் இளம் எருதைப் பிடித்து வந்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் வந்தவர்களில் ஒருவன் கையிலிருந்த தீப்பந்தத்தைக் கண்டதும் மிரண்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

"இது சரிப்படாது. அங்கே நூற்றுக்கணக்கில் சனம் வரும். மெழுகுவத்தியும் பந்தமுமாக இருக்கும். அசையாமல் நிற்கிற மாடு வேண்டும்" என்றார்கள்.

பையன் ஓடிப்போய்க் கிழ எருதை அவிழ்த்துக்கொண்டு வந்தான். பந்தத்தை முகத்துக்கு நேரே காட்டினார்கள். அது கண்ணைக் கொட்டியது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் இடியையும் மழையையும் பார்த்த மாடல்லவா!

"இதுதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு வந்தது. பையன் கிழ எருதின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறினான். பின்னால் ஒரு கழுதை முதுகில் புல்கட்டைச் சுமந்துகொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் நடுநிசியில் மிருகங்களுக்குப் பேச்சு வரும் என்று ஐரோப்பாவில் பல நாட்டுக் கிராமத்து மக்கள் சொல்வதுண்டு. நாமும் இந்த ஓர் இரவுக்கு அதை நம்பிவைப்போமே!

"அண்ணே, மெதுவாக நடங்கள். உங்கள் கால் நடுங்குகிறதே" என்றது கழுதை.

"பரவாயில்லை தம்பி. இதுதான் என் கடைசி நடை. நாளைக்குக் கசாப்புக்கடை" என்றது எருது.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. பையன் கொண்டுவந்த ரொட்டி உப்புக் கரித்தது. அவன் கண்ணீர் அதில் விழுந்திருக்கிறது. எனக்கு அது போதாதா?"

கழுதை கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தது. பிறகு, "உங்களுக்குக் கோபம் வரவில்லையா, அண்ணே?" என்று கேட்டது.

"எசமானின் வீட்டில் போன மாதம் மாவு இல்லை. என்னைப் பட்டினி போட்டுவிட்டா அவர்கள் சாப்பிட்டார்கள்? அவர்களும் பாதி வயிற்றோடுதான் படுத்தார்கள். கோபப்பட்டு என்ன செய்ய? ஆனால் ஒரே ஒரு வருத்தம். இவ்வளவு காலம் உழைத்தவனை ஒரு நாளாவது 'வா, உட்கார், சாப்பிடு' என்று யாரும் சொன்னதில்லை."

குகை வந்துவிட்டது. மலையே தீப்பிடித்ததுபோல வெளிச்சம்! சுற்றுப்பட்டிலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் பந்தம் பிடித்து வந்திருந்தார்கள். நடுவில் ஒரு தீவனத் தொட்டி. பொம்மைகள் இல்லை, பட்டுத்துணி இல்லை. வெறும் தொட்டியும் புல்லுந்தான். கழுதையின் முதுகிலிருந்த புல்லை இறக்கித் தொட்டியில் பரப்பினார்கள். எருதை ஒரு பக்கமும் கழுதையை மறுபக்கமும் நிறுத்தினார்கள்.

மெலிந்த உடம்பும் கிழிசல் அங்கியுமாக ஒருவர் வந்தார். பார்வை மங்கிய கண்கள். அவர்தான் பிரான்சிஸ். துணி வியாபாரியின் மகன். செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு ஏழையாக வாழ்ந்தவர். கடவுளின் பிள்ளை பிறந்த இரவில் எவ்வளவு வசதியில்லாமல் மாட்டுக் கொட்டிலில் கிடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவர் இனிய குரலில் நற்செய்தியைப் பாடினார். ஏழையாகப் பிறந்த அரசரைப் பற்றிப் பேசினார்.

கூட்டத்தில் நின்றிருந்த உழவர் தன் எருதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, தொட்டிமேல் மூச்சு விட்டபடி அது நின்றது. குளிரில் அந்த மூச்சு புகைபோல எழுந்தது. இவ்வளவு பேரும் பார்க்க வந்திருக்கிற இடத்தில், எல்லாருக்கும் முன்வரிசையில், தான் வேண்டாமென்று ஒதுக்கிய மாடு நிற்கிறது! அவர் தொண்டையை ஏதோ அடைத்தது.

பூசை முடிந்தது. அவரவர் நினைவாகப் புல்லில் ஒரு பிடி எடுத்துக்கொள்ள முண்டினார்கள். நோயுற்ற மாட்டுக்குக் கொடுத்தால் குணமாகும் என்று பேசிக்கொண்டார்கள். அப்போது பையன் சத்தமாகக் கேட்டான்:

"எல்லாரும் புல்லை எடுத்துக்கொண்டு போகிறீர்களே! இங்கே நின்ற மாட்டுக்கு நாளைக்குப் புல் இல்லை. அதைக் கசாப்புக்குக் கொடுக்கப்போகிறோம். உங்களுக்குத் தெரியுமா?"

கூட்டம் அப்படியே நின்றது. உழவருக்கு வெட்கமாக இருந்தது. மகனை அதட்ட வாயெடுத்தார். அதற்குள் ஒரு கிழவி முன்னால் வந்தாள்.

"என் போரில் ஒரு கட்டு இருக்கிறது. விடிந்ததும் அனுப்புகிறேன்" என்றாள்.

"என்னிடம் ஒரு கட்டு" என்றார் இன்னொருவர்.

"எனக்கும் பஞ்சந்தான். அரைக்கட்டு தருகிறேன்" என்றார் மூன்றாமவர்.

அந்த ஊரில் பணக்காரர் மிகச் சிலர். ஆனால் ஆளுக்கு ஒரு கட்டு என்று சேர்ந்தபோது பங்குனி வரைக்கும் வந்துவிட்டது. உழவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது மகனிடமிருந்து கயிற்றைத் தான் வாங்கிக்கொண்டார். எருதின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்து வந்தார்.

"என்ன அண்ணே, கடைசி நடை என்றீர்களே?" என்று சிரித்தது கழுதை.

எருது பதில் சொல்லவில்லை. விடியப் போகிறது, பேச்சு நின்றுவிடும் நேரம். வீட்டுக்கு வந்ததும் உழவர் ஒரு கட்டுப் புல்லைப் பிரித்து முதலில் கிழ எருதுக்குப் போட்டார். "சாப்பிடடா" என்று அதன் கழுத்துக் காய்ப்பில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த எருது ஒரு நாளும் ஏர் பிடிக்கவில்லை. பையனோடு மேய்ச்சலுக்குப் போய்வந்தது. இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்து, தன் தொழுவத்திலேயே கண்ணை மூடியது.

கதை முடிந்தது, தம்பி தங்கைகளே. இனி, சொன்னபடி பிரித்துச் சொல்கிறேன்.

உழவர், அவர் மகன், கிழ எருது கசாப்புக்குப் போகவிருந்தது, மிருகங்கள் பேசியது, ஊரார் புல் கொடுத்தது ஆகியவை கற்பனை. கிரெச்சோ என்ற ஊர், 1223-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவு, அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், அவருக்கு உதவிய ஜியோவானி, தீவனத் தொட்டி, புல், எருது, கழுதை, பந்தம் பிடித்து வந்த மக்கள் எல்லாம் உண்மை. தொட்டியில் இருந்த புல்லை மக்கள் வைத்திருந்து நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். பிரான்சிஸ் 1226-இல் காலமானார். அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே செலானோ ஊரைச் சேர்ந்த தாமஸ் என்ற துறவி அவருடைய வரலாற்றை எழுதினார். கிரெச்சோ இரவைப் பற்றி நமக்குத் தெரிவது அதிலிருந்துதான். 2023-ஆம் ஆண்டோடு அந்த இரவுக்கு 800 ஆண்டு நிறைந்தது. குகை இருந்த இடத்தில் இன்றும் ஒரு சிற்றாலயம் இருக்கிறது.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இயேசு பிறந்த கதையைச் சொல்லும் நற்செய்தி நூல்களில் மாடும் கிடையாது, கழுதையும் கிடையாது! குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்று மட்டும் லூக்கா எழுதியிருக்கிறார். தொட்டி இருந்தால் மாடும் இருந்திருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். அதற்கும் வெகுகாலத்துக்கு முந்திய ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில், மாடு தன் எசமானை அறியும், கழுதை தன் தொட்டியை அறியும் என்ற கருத்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நான்காம் நூற்றாண்டிலேயே குழந்தையின் பக்கத்தில் மாட்டையும் கழுதையையும் கல்லில் செதுக்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்திக் காட்டியதுதான் பிரான்சிஸ் செய்த காரியம்.

கிழ எருது கழுதையிடம் சொன்ன வருத்தம் நினைவிருக்கிறதா? பிரான்சிஸுக்கும் அந்த நினைப்பு இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி போட வேண்டும் என்று அவர் விரும்பினார். பேரரசரைச் சந்தித்தால், அன்றைக்குத் தெருவெங்கும் தானியம் தூவி வானம்பாடிகளும் மற்றப் பறவைகளும் வயிறு நிறையத் தின்னும்படி சட்டம் போடச் சொல்வேன் என்றும் சொல்லி வந்தாராம். இது கற்பனையில்லை, அதே தாமஸ் பிற்பாடு எழுதிய நூலில் இருக்கிறது.

இதைப் போன்ற வழக்கங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. நார்வே நாட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தானியக் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்கு வைக்கிறார்கள். போலந்து நாட்டுக் கிராமங்களில் தாங்கள் பங்கிட்டு உண்ணும் மெல்லிய அப்பத்தில் ஒரு துண்டை மாடுகளுக்கும் கொடுத்தார்கள். இங்கிலாந்துக் கிராமங்களிலோ, கிறிஸ்துமஸ் நடுநிசியில் தொழுவத்து மாடுகள் மண்டியிடும் என்று நம்பினார்கள். தாமஸ் ஹார்டி என்ற ஆங்கிலக் கவிஞர் அதை வைத்து 1915-இல் ஒரு கவிதை எழுதினார்.

நமக்கு இது புதிதா, சொல்லுங்கள்? கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரத்தில் மாட்டுப் பொங்கல் வருகிறது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கலை அதற்கு ஊட்டிவிட்டுத்தானே நாம் சாப்பிடுகிறோம்? ஒரு காலத்தில் தோட்டங்களில் சாமான் ஏற்றியது மாட்டுவண்டி. செம்பனைக் குலைகளை எருமை வண்டி இழுத்த தோட்டங்களும் உண்டு. பிறகுதான் டிராக்டர் வந்தது. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்து, பால் விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை வாங்கிய தாய்மார் எத்தனை பேர்! உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்; கறந்த மாடுகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்வார்.

இந்த இடத்தில் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. இந்தக் கதையைப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கலாம்: "அந்த மாடு அப்புறம் உழவே இல்லையே, அதற்கு ஏன் புல் போட்டார்கள்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கைகால் ஓடும்வரைதான் வேலை, வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற நிலையில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள் நாம். வயதாகி வேலை நின்றதும் முப்பது நாற்பது வருஷம் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போன தாத்தா பாட்டிகள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். அவர்கள் வெட்டிய பால்மரத்தையும் அவர்களையும் ஒரே கணக்கில்தான் வைத்தார்கள். அந்தக் கணக்கைத் தோட்டத்தோடு விட்டுவிடுவோம். நம் வீட்டுக்குள் அது வர வேண்டாம்.

தாத்தாவால் இப்போது நடக்க முடியவில்லை, பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்றால், அவர்கள் பாடுபட்ட கணக்கு அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. பெரியவர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் படித்தாலும் வீட்டில் பார்ப்பதுதான் மனத்தில் நிற்கும்.

தம்பி தங்கைகளே, இப்போது உங்களுக்கு மூன்று வேலைகள்.

முதலாவது, குடில் கட்டுகிறவர்கள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்லை வாங்காதீர்கள். லாலான் புல்லை அறுத்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அப்பா அறுத்துக் கொடுக்கட்டும். அதன் ஓரம் கையைக் கிழிக்கும். காய்ந்த புல்லைத் தொட்டியிலும் தரையிலும் பரப்பினால் கிரெச்சோவில் போட்டதுபோலவே இருக்கும். தென்னை ஈர்க்கில் கூரை கட்டலாம். களிமண்ணில் மாடும் கழுதையும் செய்யலாம். பக்கத்தில் மெழுகுவத்தி மட்டும் வைக்காதீர்கள். காய்ந்த புல் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் சரி, சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிடிச் சோற்றைக் கோழிக்கோ குருவிக்கோ நாய்க்கோ வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள் கீழே இறங்கிப்போய், இடம் அசுத்தமாகாதபடி, வாயில்லாத ஒரு உயிருக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, தாத்தா பாட்டியிடமோ, அவர்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ போய், "உங்கள் காலத்தில் மாடு வளர்த்தீர்களா? அதற்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்களுக்கும் சாப்பாட்டை முதலில் பரிமாறுங்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாடும் எல்லாக் குடும்பங்களுக்கும் மாமாவின் வாழ்த்து. அடுத்த வாரம் வேறொரு கதையோடு வருகிறேன்.

அன்புடன்,
மாமா